கார் பாலிஷ்: நேரம் எங்கே கரைகிறது, எப்படி மிச்சப்படுத்துவது

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுடையது கறுப்பு செடான். 15 மி.மீ. த்ரோ (பேட் ஆடும் வட்டத்தின் விட்டம்) உள்ள டிஏ மெஷின், அதாவது பேட் ஆடிக்கொண்டே சுழலும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின், கீறலை அரைத்தெடுக்கும் கட்டிங் காம்பவுண்ட் ஒன்று, பளபளப்பைக் கொண்டுவரும் ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, ஃபோம் பேட் இரண்டு வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டும் பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிறுத்தினால் வட்டக் கீறல்கள் இன்னும் தெரிகின்றன. தோள்பட்டை வலி வேறு. இதை வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்வது எப்படி, 21 மி.மீ. மெஷினோ, ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரியோ வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஷினை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கையை வேகமாக ஓட்டினாலும் வேலை சீக்கிரம் முடியாது. வெட்டு (பெயிண்டை அரைக்கும் அளவு) குறைந்து, அதே இடத்தை மறுபடி போட வேண்டியிருக்கும். அனுபவமுள்ளவர்கள் சீக்கிரம் முடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் மெஷின் உங்களுடையதைவிட மெதுவாகத்தான் நகரும். ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்ப வர மாட்டார்கள். எத்தனை பாஸ் (ஒரு இடத்தை மெஷினால் ஒருமுறை முழுதாக மூடுவது ஒரு பாஸ்), எந்த பேட், எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முடிவை எடுக்கும் முறையைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செடானின் பெயிண்ட் பரப்பை 45 செ.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் தோராயமாக 45 கட்டம் வரும். உங்கள் பேட் 14 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும் என்றால் ஒரு கட்டத்துக்கு 7 வரி. மொத்தம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். விநாடிக்கு 4 செ.மீ. வேகத்தில் நகர்த்தினால் ஒரு பாஸுக்குச் சுமார் 80 விநாடி. 45 கட்டத்துக்கும் சேர்த்தால் ஒரு மணி நேரம். அதாவது முழுக் காருக்கு ஒரு பாஸ் கூடுதலாகப் போட்டால் ஒரு மணி நேரம் கூடுதல். கட்டிங் 6, ஃபினிஷிங் 6 என்று போட்டிருந்தால் மெஷின் ஓடிய நேரம் மட்டுமே 12 மணி. துடைப்பது, டேப் ஒட்டுவது, பேட் கழுவுவது எல்லாம் அதற்கு மேல். உங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் எங்கே போயின என்பது இதிலேயே தெரிகிறது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த பெயிண்டுக்கு, நான் விரும்பும் அளவு பளபளப்புக்கு, குறைந்தபட்சம் எத்தனை பாஸ் போதும்? இதற்கான விடை எந்த பாட்டிலிலும் எழுதியிருக்காது. உங்கள் காரின் பானெட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முன், நாம் எதைத் தேய்க்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். தொழிற்சாலை பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் வரை. அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வட்டக் கீறல் என்பது இந்தக் கிளியர் கோட்டில் விழுந்த நுண்ணிய பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டை அரைத்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. அளவுக்கு மீறி அரைத்தால் இன்று பளபளக்கும், சில வருடங்களில் ரூஃபிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெளுத்து உரியத் தொடங்கும். பாஸைக் குறைப்பதில் நேரம் மட்டுமல்ல, பெயிண்டும் மிச்சமாகிறது. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

அடுத்து, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்யுங்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறலை பாலிஷில் பாதுகாப்பாக எடுக்க முடியாது. அதன் விளிம்பை மழுக்கலாம், வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாமல் செய்யலாம், அவ்வளவுதான். கற்றுக்கொள்பவர்கள் அதிக நேரம் தொலைப்பது இப்படி ஒற்றைக் கீறலைத் துரத்தித்தான். ஒரு கதவில் ஒரு கோட்டுக்காக 20 நிமிடம் போட்டுவிட்டு, மீதிக் கதவை அவசரமாக முடிப்பார்கள். தினமும் ஆபீஸுக்கு ஓடுகிற காருக்கு, பத்தில் எட்டுக் கீறல் மறைந்தால் அது நல்ல வேலை. கறுப்பு காரில்கூட, மீதி இரண்டை நீங்கள் டார்ச் அடித்துத் தேடினால்தான் தெரியும். போட்டிக்கு நிறுத்துகிற காருக்கு வேறு அளவுகோல். அதற்கு ஆகும் நேரமும் வேறு.

இப்போது டெஸ்ட் ஸ்பாட். மொத்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டின் நடுவில், சமமான இடத்தில், மாஸ்கிங் டேப்பால் 45 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போதே கட்டிங் காம்பவுண்டை எடுக்காதீர்கள். இருப்பதில் மென்மையான கூட்டணியிலிருந்து ஆரம்பியுங்கள்: ஃபினிஷிங் பாலிஷ், நடுத்தர ஃபோம் பேட், 4 பாஸ். துடைத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். போதாது என்றால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் பேடைத்தான் மாற்றுவேன். அதே பாலிஷ் கொஞ்சம் கடினமான பேடில் எவ்வளவு வித்தியாசமாக வெட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதுவும் போதாவிட்டால் பாலிஷை ஒரு படி கடினமாக்குங்கள். பேட், பாலிஷ், வேகம், அழுத்தம் நான்கையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த காரில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கீறல் போகிற கூட்டணி கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் டெஸ்டை முடித்துவிடுவார்கள். இன்னொரு படி இருக்கிறது. பக்கத்தில் அதே அளவில் புதிய சதுரம் ஒன்று எடுத்து, அதே கூட்டணியில் ஒரு பாஸ் குறைத்துப் பாருங்கள். 5 போட்ட இடமும் 4 போட்ட இடமும் ஒன்றாகவே தெரிந்தால் 3 போட்டுப் பாருங்கள். எங்கே வித்தியாசம் தெரியத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு பாஸ் மேலே நிற்கலாம். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகலாம். இரண்டு பாஸ் குறைந்தால் மீதிக் காரில் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

இதில் பாலிஷின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. சில பாலிஷ்களில் அரைக்கும் துகள்கள் தேயத் தேய உடைந்து நுண்ணியதாகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் மங்கல் தெரியும், முழுச் சுற்றும் ஓட்ட வேண்டும். வேறு சில, உதாரணமாக மெகுவையர்ஸின் எம்105, எம்205 போன்றவை, துகள் உடையாத வகை. அவற்றில் கீறல் போனதும் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் பாட்டில் எந்த வகை என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். உடையாத வகையை வைத்துக்கொண்டு, அது காய்ந்து மறையும்வரை ஓட்டிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

டெஸ்ட் ஸ்பாட்டைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் தங்கி அதை மறைக்கும். அப்போது நன்றாகத் தெரியும், இரண்டு வாஷ் முடிந்ததும் எல்லாம் திரும்பி வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து லேசாகத் தெளித்துத் துடைத்த பிறகு பாருங்கள், அல்லது கடையில் விற்கும் பேனல் வைப் போதும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் கீறல் தெரிகிறது என்கிறீர்களே, அதில் ஒரு பகுதி இப்படி மறைந்திருந்து வெளியே வந்ததாகவும் இருக்கலாம்.

சரி, பேடுக்கு வருவோம். உங்கள் நேரத்தைத் தின்றதில் முதல் குற்றவாளி அதுதான் என்பது என் கணிப்பு. ஒரு முழு செடானுக்கு ஒரே ஒரு கட்டிங் பேட் போதவே போதாது. மூன்று நான்கு கட்டம் முடிவதற்குள் அதில் பழைய பாலிஷும், அரைத்தெடுத்த கிளியர் கோட் தூளும் சேர்ந்து பிசினாகிவிடும். அதற்குப் பிறகு அது வெட்டாது, வழுக்கும். நாம் வெட்டு குறைந்ததென்று இன்னும் கொஞ்சம் காம்பவுண்ட் ஊற்றுவோம், இன்னும் அழுத்துவோம். பேட் சூடேறும், ஃபோம் நடுவில் தளரும், வெல்க்ரோ பசை விட்டுப்போகும். பானெட்டில் 4 பாஸில் கிடைத்த முடிவு பின்கதவுக்கு வரும்போது 8 பாஸிலும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பெயிண்ட் அங்கே கடினமாகிவிடவில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை விருப்பத்துக்கு விட்ட வேலையாக நினைக்காதீர்கள். ஃபோமுக்கு, மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை முகத்தில் அழுத்திப் பிடித்தால் பெரும்பகுதி துணிக்கு வந்துவிடும். மைக்ரோஃபைபர் பேடுக்கும் கம்பளி பேடுக்கும் நைலான் பிரஷ் அல்லது கம்ப்ரஸர் காற்று. பத்து இருபது விநாடி வேலை. அதற்கு மேல், இரண்டு மூன்று பேனலுக்கு ஒருமுறை பேடையே மாற்றுங்கள். ஒரு செடானுக்கு ஒரே வகை பேட் நான்கு முதல் ஆறு வரை கையில் இருந்தால் நிம்மதி. 21 மி.மீ. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும். கழட்டிய பேடை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். காய்ந்த காம்பவுண்டைக் கழுவி எடுப்பது பெரும் பாடு. கழுவிய பேட் முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த முறை. ஈர ஃபோம் பாலிஷை நீர்க்கச் செய்துவிடும், சரியாகச் சுழலவும் சுழலாது.

பாலிஷ் அளவும் இங்கேயே. புதிய பேடுக்கு முதல் தடவை மட்டும் முகம் முழுக்க மெல்லிதாகத் தடவுங்கள். அதற்குப் பிறகு ஒரு கட்டத்துக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். அதிகம் ஊற்றினால் துகளுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம்தான் மிஞ்சும். வெட்டு குறையும், துடைக்கிற வேலை இரட்டிப்பாகும்.

டிஏ மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மோட்டார் பேடை நேரடியாகச் சுழற்றுவதில்லை. மையத்திலிருந்து விலகிய அச்சில் ஆட்டுகிறது, 15 மி.மீ. என்பது அந்த ஆட்டத்தின் விட்டம். சுழற்சி தானாக, தடையில்லாமல் இருக்கும்போது மட்டும் வருகிறது. அழுத்தம் அதிகமானாலோ, வளைவில் பேடின் ஒரு ஓரம் மட்டும் பதிந்தாலோ, சுழற்சி நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். சத்தம் வரும், கை அதிரும், வேலை நடக்காது. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடுங்கள். அது சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வெட்டு நடக்கிறது; நின்றுவிட்டால் அழுத்தத்தைக் குறையுங்கள் அல்லது மெஷினைத் தட்டையாகத் திருப்புங்கள். ஐந்து ரூபாய்கூட ஆகாத இந்தக் கோடு, பல வீடியோக்கள் சொல்லித் தராததைச் சொல்லித் தரும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, நீண்ட த்ரோ மெஷினுக்கு அதன் எடையோடு கையின் எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும். உங்கள் தோள் வலிக்கிறதென்றால் தேவைக்கு அதிகமாக அழுத்துகிறீர்கள் என்றே நினைக்கிறேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், பாலிஷரை அணைத்துவிட்டு அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். காரில் அழுத்துகிற அதே அளவு எத்தனை கிலோ என்று முதலில் பாருங்கள். பிறகு அதைப் பாதியாக்கிப் பழகுங்கள். கைக்கு அந்த அளவு சில நிமிடங்களிலேயே பிடிபடும்.

உடம்பை வைக்கும் விதமும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், பெயிண்டில் உரசாது, காலில் சிக்காது. கையை மட்டும் ஆட்டாமல் இடுப்பிலிருந்து உடம்போடு நகருங்கள். கதவின் கீழ்ப்பாதிக்குக் குனிந்து நிற்காமல் சக்கரம் வைத்த ஸ்டூலோ தாழ்வான முக்காலியோ போட்டு உட்காருங்கள். ரூஃபுக்கு உறுதியான ஸ்டூல். எட்டாத இடத்தில் அழுத்தம் சரியாக விழாது, அங்கே போட்ட பாஸ் கணக்கில் சேராது. அப்புறம், ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். கழுவுவது, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களி (கிளே பார்) போடுவது, டேப் ஒட்டுவது எல்லாம் முழுக் காருக்கும் முதலில் முடியட்டும். ரூஃபில் தொடங்கிக் கீழே வாருங்கள்.

களி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷுக்கு முன் கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கழுவிய பெயிண்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் அவசியம். பிரேக் தூளும் தார்ப்புள்ளியும் ஒட்டியிருந்தால் அவை பேடில் ஏறி, நீங்கள் எடுக்கிற கீறலுக்குப் பதில் புதிய கீறல் போடும். இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் போட்டால் அது பட்ட இடம் ஊதாவாக மாறி வழியும். இந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

மாஸ்கிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்கலாம். பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடி ஓர ரப்பர், பேட்ஜ், கூரான உடல் விளிம்புகள் ஆகியவற்றுக்கு டேப் வேண்டும். விளிம்புகளில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும், பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். விளக்குக் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்த வேலையை மெதுவாக்கும் விஷயங்கள் தனி. முதலாவது வெயில். கை வைத்தால் சுடுகிற பானெட்டில் பாலிஷ் பரவுவதற்குள் காய்ந்து தூளாகிவிடும். காரை ஓட்டிவிட்டு வந்ததும் தொடங்கக் கூடாது. இன்ஜின் சூடு பானெட்டில் வெகுநேரம் நிற்கும். நிழலில், காலையில் தொடங்குங்கள். மேலே ஃபேன் ஓடினாலும் பாலிஷ் சீக்கிரம் காயும், ஆகவே காற்று உங்கள் மேல் படட்டும், பேனல் மேல் வேண்டாம். கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறு. ஈரப்பதத்தில் சில பாலிஷ்களின் எச்சம் பசையாகவே நின்று துடைக்க அடம்பிடிக்கும். அங்கே இன்னும் குறைவாக ஊற்ற வேண்டும். இரண்டாவது போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும், அது பெயிண்டை அரித்து இறங்கியிருந்தால் பாலிஷில்தான் போகும். பாலிஷ் அன்றைக்குக் கழுவியதும் சொட்டு காயும் முன் துடைத்துவிடுங்கள். உப்புப் படிவு ஏற்கெனவே இருந்தால் அதற்கான அமிலக் கரைசலில் முதலில் கரைக்க முடிகிறதா என்று பாருங்கள்; கரைத்து எடுக்க முடிந்ததை அரைத்து எடுக்க வேண்டாம். மூன்றாவதாக, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்தால் மின்னழுத்தம் குறைந்து மெஷின் திணறும். தடிமனான ஒயராகப் பாருங்கள்.

துடைப்பதிலும் நேரம் கரைகிறது. டெஸ்ட் ஸ்பாட்டில் முடிவு உறுதியான பிறகு, ஒவ்வொரு கட்டத்தையும் ஆல்கஹால் போட்டுத் துடைத்து விளக்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. எச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு நகருங்கள்; பேனலுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். நம்பிக்கையில்லாமல் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பார்ப்பதே கற்றுக்கொள்பவர்களின் பெரிய தாமதம். துணி மட்டும் நல்லதாக இருக்கட்டும்: நீண்ட இழை உள்ள, ஓரத் தையல் உறுத்தாத மைக்ரோஃபைபர். கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்கக் கூடாது. கறுப்பு பெயிண்டில் மோசமான துணியே நுண்கீறல் போட்டுவிடும், பிறகு பழியைப் பாலிஷ் மேல் போடுவோம்.

இரண்டு ஸ்டெப் தேவையா என்பது அடுத்தது. உங்கள் கறுப்பில், கட்டிங்குக்குப் பிறகு லேசான மங்கல் தெரிந்தால் ஃபினிஷிங் வேண்டும்தான். ஆனால் அந்த ஸ்டெப்புக்குக் கட்டிங் அளவு பாஸ் வேண்டாம். அது கீறலை எடுக்கும் வேலை அல்ல; முந்தைய ஸ்டெப் விட்ட மங்கலை மட்டும் எடுக்க 2 அல்லது 3 பாஸ், அதுவும் லேசான அழுத்தத்தில் போதும். வெள்ளை, சில்வர் கார்களில் நடுத்தர பாலிஷ் ஒன்றே போட்டு முடிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த நிறங்களில் இரண்டாவது ஸ்டெப்பின் பலன் கண்ணுக்கு எட்டுவதே அரிது, ஆனால் கிளியர் கோட் இழப்பு கறுப்பில் ஆவது போலத்தான் ஆகும்.

பெயிண்டுக்குப் பெயிண்ட் கடினத்தன்மை மாறும். 2003 வாக்கில் மெர்சிடிஸ் கொண்டுவந்த செராமிக் துகள் கலந்த கிளியர் கோட் போன்றவை எளிதில் கீறாது, கீறினால் எளிதில் போகாது. மென்மையான கறுப்பு பெயிண்ட் உள்ள கார்களில் கீறல் ஒரே பாஸில் போகும், ஆனால் துடைத்தாலே புதியது விழும். இதனால்தான் ஒரு காரில் எழுதி வைத்த பாஸ் கணக்கை அப்படியே இன்னொரு காரில் போட முடியாது. ஒரே காரில்கூட, டிங்கரிங் பெயிண்டிங் நடந்த கதவு ஃபேக்டரி பெயிண்ட் கதவு போல நடந்துகொள்ளாது. தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் அளந்து பாருங்கள். எல்லாப் பேனலும் 110, 120 மைக்ரான் காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபெயிண்ட். 70, 80 என்று காட்டுகிற இடத்தில் கட்டிங் பேடை எடுக்கவே வேண்டாம். சாதாரண மீட்டர் தகட்டில் மட்டுமே அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் எதுவும் காட்டாது. அங்கே சூடும் சீக்கிரம் ஏறும், மென்மையாகவே போங்கள். பேடில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். பழைய காலத்துக் கிளியர் கோட் இல்லாத பெயிண்டில் அது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் அப்படி வந்தால், அடுக்கைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

இனி பயிற்சி. சொந்தக் காரிலேயே கற்றுக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிய பானெட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் என்றால் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அடர் நிறத்தில் தேடி எடுக்கலாம். அதை இரண்டு முக்காலி மேல் வைத்து, டேப் போட்டுக் கட்டம் பிரியுங்கள். காய்ந்த துணியால் வேண்டுமென்றே தேய்த்துக் கீறல் போடுங்கள். முதல் கட்டத்தில் 2 பாஸ், அடுத்ததில் 4, அடுத்ததில் 6. இன்னொரு வரிசையில் பாஸை நிலையாக வைத்து அழுத்தத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவது வரிசையில் சுத்தமான பேடும் அழுக்குப் பேடும். டேப்பைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, நான் இங்கே எழுதியதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். கடைசியில், அந்தப் பானெட்டின் விளிம்பில் மெஷினை ஒரே இடத்தில் பிடித்து, பெயிண்ட் எப்போது போகிறது என்று வேண்டுமென்றே பாருங்கள். எல்லை எங்கே என்று கைக்குத் தெரிந்தவர் பிறகு பயந்து பயந்து போட மாட்டார், அதிலும் நேரம் மிச்சமாகும்.

ரோட்டரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஒர்க்‌ஷாப்களில் கம்பளி பேட் மாட்டிய ரோட்டரியும் ரப்பிங் காம்பவுண்டும்தான் வெகுகாலமாக வழக்கம். நல்ல கையில் அது அருமையான கருவி, டிஏவைவிட வேகமாக வெட்டும். ஆனால் ஒரே திசையில் சுற்றுவதால் சூடும் வேகமாக ஏறும், வெயிலில் மட்டும் தெரிகிற ஹோலோகிராம் தடம் (பேட் ஓடிய வழியில் மின்னும் நுண்வரிகள்) விழும். அதன் மேல் வேக்ஸ் பூசிக் கொடுத்தால் சில வாரம் தெரியாது. ரோட்டரியில் சேமித்த நேரத்தை அந்தத் தடத்தை டிஏவில் எடுக்கச் செலவழிப்பீர்கள் என்பதால், இந்தக் கட்டத்தில் உங்களுக்கு அது வேண்டாம்.

21 மி.மீ. மெஷினுக்கு 18 செ.மீ. பேட் வரை போடலாம். மேலே போட்ட கணக்கில் 7 வரிக்குப் பதில் 5 வரி ஆகும். ரூஃபிலும் பானெட்டிலும் நேரம் நன்றாகவே குறையும். ஆனால் செடானில் அப்படிச் சமமான பரப்பு கொஞ்சம்தான்; கதவின் வரிகளிலும் பம்பரிலும் பெரிய பேட் ஓரம் மட்டும் பதிந்து நின்றுவிடும். மாதத்துக்குப் பல கார் செய்பவர் என்றால் வாங்கலாம். சொந்தக் கார் ஒன்றுக்கு என்றால் அந்தப் பணத்தில் இப்போதுள்ள கட்டிங் பேடே இன்னும் நான்கு, நல்ல துணி பத்து, ஒரு எல்இடி விளக்கு, முன்கண்ணாடி ஓரத் தூணுக்கும் பம்பர் மூலைக்கும் 3 அங்குல பேடோடு சிறிய மெஷின் ஒன்று வாங்குங்கள். குறுகிய இடங்களில் பெரிய பேடோடு மல்லுக்கட்டும் நேரம் அதில் மிச்சமாகும்.

பாலிஷ் முடிந்ததும் அன்றே பெயிண்டைக் காக்கும் பூச்சான சீலன்ட் ஒன்றை அடித்துவிடுங்கள். தினமும் காலையில் யாராவது ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரே துணியுமாக உங்கள் காரைத் துடைத்துவிட்டுப் போகிறார் என்றால், அதை நிறுத்தச் சொல்லி, சம்பளத்தைக் குறைக்காமல் கண்ணாடியும் சக்கரமும் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூசி மேல் தினமும் ஓடும் அந்தத் துணிதான் வட்டக் கீறலின் பிறப்பிடம். அது தொடர்ந்தால் அடுத்த சில மாதத்தில் மறுபடி மெஷினை எடுக்க வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் கொஞ்சம் போகும்.